பழைய பொருளின் வரலாறு யாருக்குத் தெரியும்?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் மலைவாழ் இளைஞர்களும் கீழ்நாட்டிலிருந்து வந்த தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்பை முழுசாகச் சொன்னால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவீர்கள். சுழற்சிப் பொருளாதாரத்தில் மறு உற்பத்தி, அதில் வரும் நிச்சயமின்மை. இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பி போனில் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "அண்ணே, இதுக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். சம்பந்தம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். என் துறையில் இருக்கிற பெரும்பாலானவர்கள் அப்படி நினைப்பதில்லை. அதனால் அவர்களிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சொற்கள். மண்ணைத் தோண்டி இரும்பும் செம்பும் எடுக்கிறோம், பொருள் செய்கிறோம், பயன்படுத்துகிறோம், தூக்கி எறிகிறோம். இது நேர்கோடு. அப்படி எறியாமல் பொருளைத் திரும்பத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது சுழற்சி. இதில் மூன்று வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு டீசல் எஞ்சின் கெட்டுவிட்டது என்று வையுங்கள். கெட்ட பாகத்தை மட்டும் மாற்றி ஓட வைத்தால் அது ரிப்பேர். மொத்தத்தையும் உடைத்து உலையில் உருக்கி வெறும் இரும்பாக்கினால் அது மறுசுழற்சி. மூன்றாவது ஒன்று இருக்கிறது. கடைசி போல்ட் வரை கழற்றி, கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி, சிலிண்டரை ரீபோர் செய்து, திரும்பப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, புதிய எஞ்சினுக்குத் தருகிற அதே உத்தரவாதத்தோடு விற்பது. இதுதான் மறு உற்பத்தி. பிரான்சின் ரெனோ கம்பெனி 1949இலேயே பாரிஸ் பக்கத்தில் இதற்கு ஒரு தொழிற்சாலை வைத்தது. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் 1973 முதல் செய்கிறது. உருக்கி வார்க்கிற ஆற்றல் மிச்சம், இரும்பு மிச்சம், முதல் முறை அந்த எஞ்சினைக் கடைந்து உருவாக்கிய உழைப்பும் மிச்சம். மூன்றில் அறிவுள்ள வழி இதுதான் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

பிறகு ஏன் உலகம் முழுக்க இது ஓரமாகவே நடக்கிறது? இங்கேதான் நிச்சயமின்மை வருகிறது. புது எஞ்சின் செய்கிற தொழிற்சாலைக்கு அடுத்த வாரம் எத்தனை பிஸ்டன் வரும், எந்த அளவில் வரும் என்று தெரியும். மறு உற்பத்தித் தொழிற்சாலையின் கச்சாப்பொருள் பழைய எஞ்சின். அது எப்போது வரும், எத்தனை வரும் என்று தெரியாது. வந்தாலும் உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒன்றுக்கு ரிங் மாற்றினால் போதும். இன்னொன்றில் பிளாக்கே விரிசல் விட்டிருக்கும். ஒன்று இரண்டு மணி நேர வேலை, இன்னொன்று இரண்டு நாள். டேனியல் கைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2000இல் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படி ஏழு சிக்கல்களை அடுக்கினார். என் துறையில் அதன் பிறகு வந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி அந்த ஏழையும் சுற்றித்தான் ஓடுகிறது. நிகழ்தகவு போட்டுக் கணக்கிடுவார்கள். எவ்வளவு கையிருப்பு வைத்தால் நஷ்டம் வராது என்று சூத்திரம் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சூத்திரங்களில், வந்து சேரும் பழைய பொருளின் நிலை ஒரு தற்செயல் எண். தாயக்கட்டை உருட்டுவது போல. போளூரிலிருந்து இந்த மலைக்கு ஏறுகிற பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின் எந்த வளைவில் திணறுகிறது, எந்தக் கோடையில் சூடேறிப் புகைந்தது என்று ஓட்டுநருக்குத் தெரியும். உங்கள் கிணற்று மோட்டார் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் வெறுமனே சுற்றியது என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். பொருளோடு இருந்தவர்களுக்கு அதன் கதை தெரியும். அது கை மாறும்போது கதை கூடவே போகவில்லை, அவ்வளவுதான். தொழிற்சாலை வாசலில் தற்செயல் போலத் தெரிவது, வழியில் எங்கோ கழற்றிப் போடப்பட்ட தகவல். அது எந்த இடத்தில் கழற்றப்படுகிறது என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

இதே மலையிலிருந்து ஒரு உதாரணம். காவலூரில் இருக்கிற வானாய்வகம் உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போயிருப்பார்கள். அங்கே வைணு பாப்பு பெயரில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அதன் கண்ணாடியின் விட்டம் 2.3 மீட்டர். 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தபோது ஆசியாவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. அந்தக் கண்ணாடியின் முகத்தில் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கிறது, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். நட்சத்திர வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அந்தப் பூச்சுதான். தூசியிலும் ஈரத்திலும் அது மங்கும். அப்போது கண்ணாடியை இறக்கி, பழைய பூச்சை ரசாயனத்தால் கரைத்து எடுத்து, கழுவி, காயவைத்து, வெற்றிட அறைக்குள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கிப் புதுப் பூச்சு படிய வைப்பார்கள். அதற்கான வசதி காவலூரிலேயே இருக்கிறது. என் பார்வையில் இது அப்பட்டமான மறு உற்பத்தி. கண்ணாடி பழசு, முகம் புதுசு. இதில் நிச்சயமின்மை அநேகமாக இல்லை. கண்ணாடி எப்போது வந்தது, யார் தேய்த்தார்கள், கடைசியாக எப்போது பூசினார்கள், இப்போது எத்தனை சதவீதம் வெளிச்சத்தைத் திருப்புகிறது என்பதெல்லாம் அளந்து எழுதி வைக்கிற விஷயங்கள். அது ஒரே நிறுவனத்தின் கையில், மாதச் சம்பளம் வாங்குகிற, தான் செய்வதைத் தன் பெயரில் எழுதி வைக்கிற ஆட்களின் கையில் இருக்கிறது.

இப்போது இன்னொரு அறிவியல் கருவியின் கதை. இது டெல்லியில் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் காமாக் கதிர்வீச்சு தருகிற ஒரு இயந்திரம் இருந்தது. உள்ளே கோபால்ட்-60. 1985க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் பல்கலைக்கழகம் அதை ஏலத்தில் விற்றது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு அது போனது. அங்கே பிரித்தார்கள். உள்ளே ஈயக் கவசத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்தவர்களுக்குத் தெரியாது. பலர் கதிர்வீச்சு நோயோடு மருத்துவமனைக்குப் போனார்கள். ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் படித்தவர்கள் வாங்கிய கருவிகள். இரண்டுக்கும் பின்னால் கோப்பு உண்டு. காவலூர்க் கண்ணாடியின் கோப்பு கண்ணாடியோடே இருக்கிறது, ஏனென்றால் அது வளாகத்தை விட்டு வெளியே வருவதில்லை. டெல்லி இயந்திரத்தின் கோப்பு வளாகத்துக்குள்ளேயே நின்றுவிட்டது, இயந்திரம் மட்டும் கேட்டைத் தாண்டியது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை மாயாபுரியில் ஒருவர் தன் உடம்பால் தெரிந்துகொண்டார். பாடப்புத்தகம் இதையும் "வரும் பொருளின் தரத்தில் நிச்சயமின்மை" என்ற தலைப்பில்தான் சேர்க்கும்.

அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள்? இந்தியாவில் பழைய பொருளைப் பொறுக்குவது, பிரிப்பது, தரம் பார்ப்பது யார் வேலை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் தலித்துகள், ஏழை முஸ்லிம்கள், ஊர்விட்டு வந்த பழங்குடிகள். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போயிருப்பீர்கள், இல்லாவிட்டால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய வண்டி உள்ளே போனால் சில மணி நேரத்தில் கதவு ஒரு கடையிலும் கியர்பாக்ஸ் இன்னொரு கடையிலும் இருக்கும். அந்த மாதிரிப் பட்டறை ஒன்றில், பழைய கிராங்க் ஷாஃப்ட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். நல்லது என்றால் மணி அடித்த மாதிரி சத்தம் நீண்டு கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் டொக்கென்று செத்துப்போகும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கு அல்ட்ராசோனிக் கருவி வைத்திருக்கிறோம். அவர் ஒரு தட்டில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். மறு உற்பத்தியில் லாபம் நஷ்டத்தைத் தீர்மானிக்கிற இடம் அந்தத் தட்டுதான். எதை எடுப்பது, எதை விடுவது என்று எவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறோமோ அவ்வளவுக்கு அந்த ஏழு சிக்கல்களும் குறையும். இதையும் என் துறை ஆய்வுகளே சொல்கின்றன. ஆனால் தட்டிப் பார்த்துச் சொன்னதற்கென்று அவருக்குக் கூலி கிடையாது. அவருக்குக் காசு கழற்றிய எண்ணிக்கைக்கு.

கீழே போகப் போக எல்லாம் கிலோக் கணக்கு. தெருவில் பொறுக்குகிறவர் காயலான் கடையில் முன்பணம் வாங்கியிருப்பார், அதனால் அந்தக் கடைக்குத்தான் போட வேண்டும், அந்தக் கடை சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். சர்வதேசச் சந்தையில் செம்பு விலை இறங்கினால் பெரிய வியாபாரி நடுத்தர வியாபாரிக்கு விலையைக் குறைப்பார், அவர் கடைக்காரருக்கு, கடைக்காரர் பொறுக்குகிறவருக்கு. குறைக்க ஆள் இல்லாத இடத்தில் இருப்பவர் அன்றைக்குக் குறைவாகச் சாப்பிடுவார். நிச்சயமின்மை மறைவதில்லை, இறங்குகிறது. இந்த மலைக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலையின் பிள்ளைகளும் இருந்தார்கள். முன்பணம் கொடுத்த புரோக்கர் யார், கட்டையைக் கடைசியில் வாங்குபவர் யார் என்று ஒரு சங்கிலி இருந்தது. அதில் காட்டுக்குள் நின்றவர்கள் மட்டும்தான் எல்லா ஆபத்தையும் சுமந்தார்கள். பொருள் வேறு, சங்கிலியின் அமைப்பு ஒன்றுதான்.

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அதை என் துறைக்குள் கொண்டுவந்து பார்த்தால் எனக்கு இப்படித் தெரிகிறது: அந்த அடுக்கில் வேலையோடு சேர்ந்து தெரியாமையும் பங்கிடப்படுகிறது. பொருள் கீழே இறங்கும், அதைப் பற்றிய தகவல் மேலேயே தங்கும். கீழே இருப்பவர் தன் கையால் கண்டுபிடிக்கிற தகவலுக்கு அறிவு என்று பெயர் கிடையாது, அனுபவம் என்றுகூட மரியாதையாகச் சொல்வதில்லை.

இதற்கு ஒரு பழைய சட்டப்புத்தகமே இருக்கிறது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். சண்டாளர் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும். சூத்திரப் பணியாளுக்கு மிச்சச் சோறு, பழைய துணி, பதர், பழைய வீட்டுச் சாமான். பயன்படுத்தியது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், மேலே திரும்பவே திரும்பாது. அதனால்தான் "இந்தியர்கள் காலங்காலமாக எதையும் வீணாக்காதவர்கள், சுழற்சிப் பொருளாதாரம் நம் பண்பாட்டிலேயே இருக்கிறது" என்று கருத்தரங்குகளில் யாராவது பேசும்போது எனக்கு வயிறு எரியும். வீணாகாமல் போனது எதுவோ அது யார் உடம்பில் போய் முடிந்தது என்று அவர்கள் கேட்பதே இல்லை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் பேசியாக வேண்டும். முற்போக்கு இளைஞர்களான நாம், குறிப்பாக நகரத்தில் படித்தவர்கள், பழைய பொருளை வாங்குவதை ஒரு நல்லொழுக்கமாகப் பேச ஆரம்பித்திருக்கிறோம். பழைய சட்டை, பழைய போன், பழைய சைக்கிள். நல்லதுதான். ஆனால் என் அம்மா வேலை செய்த வீட்டில் தீபாவளிக்குப் பழைய புடவை கொடுப்பார்கள். சாயம் நன்றாக இருக்கும், கிழிசல் இருக்காது. அம்மா வாங்கி வந்து அதைக் கட்டவே மாட்டார், பாயாக மடித்துப் போட்டுவிடுவார். கடன் வாங்கியாவது எங்களுக்குப் புதுத் துணிதான் எடுப்பார். சுற்றுச்சூழல் கணக்குப்படி அம்மா செய்தது தவறு. 1927இல் மகாத்தில் கூடிய மக்களிடம் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியையும் எறிகிற மிச்சத்தையும் இனி வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தில் வைத்துத்தான் நான் அந்தப் புடவையைப் பார்க்கிறேன்.

மறு உற்பத்தி ஆய்வுகளில் இதற்கும் ஒரு தலைப்பு உண்டு, தேவையில் நிச்சயமின்மை. புதுசுக்கு நிகரான உத்தரவாதம் கொடுத்தாலும் மக்கள் ஏன் வாங்கத் தயங்குகிறார்கள் என்று ஆராய்கிறார்கள். அமெரிக்க நுகர்வோரிடம் செய்த ஆய்வுகளில் அருவருப்பும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இன்னொருவர் தொட்டது என்ற அருவருப்பு. அங்கே அது உளவியல். இங்கே அதற்குத் தீட்டு என்று பெயர், மேலே இருப்பவர்களுக்கு. கீழே இருப்பவர்களின் தயக்கம் வேறு வகை. "மறுபடியும் எனக்குப் பழசா?" என்ற கேள்வி அது. இரண்டையும் ஒரே கருத்துக்கணிப்புப் படிவத்தில் ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் எந்தக் கம்பெனியும் எதையும் புரிந்துகொள்ள முடியாது. அரசு விடுதிக்கு மறு உற்பத்தி செய்த கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், முதலில் தலைமைச் செயலகத்துக்கு வாங்கிப் போடுங்கள், அமைச்சர் மேசையில் வையுங்கள், பிறகு ஆதிதிராவிடர் நல விடுதிக்கு வரட்டும் என்று நான் சொல்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி, வேறு வழியே இல்லையா? நம் கண்முன்னாலேயே ஒரு வழி ஓடிக்கொண்டிருக்கிறது, அரசுப் பேருந்து. 1972இல் பேருந்துகளை அரசுடைமையாக்கிப் போக்குவரத்துக் கழகங்கள் அமைத்தபோது யாரும் சுழற்சிப் பொருளாதாரம் என்று பேசவில்லை. ஆனால் அப்போதிலிருந்து அந்தக் கழகங்கள் செய்துவருவதில் பாதி மறு உற்பத்திதான். தேய்ந்த டயரை எறிவதில்லை. உள்ளே இருக்கிற கேசிங்கைக் கையை விட்டுத் தடவி ஆணி குத்திய இடம், நூல் விட்ட இடம் பார்த்து, தாங்கும் என்றால் மேலே புது ரப்பர் போட்டு ரீட்ரெட் செய்கிறார்கள். எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிக்கிறார்கள். 2023இல் மஞ்சள் நிறத்தில் சில பேருந்துகள் வந்தனவே, அவை புதுசு இல்லை. சேஸிஸும் எஞ்சினும் பழசு, மேலே பாடி புதுசு. வண்டி பிறந்த நாளிலிருந்து ஒரே உரிமையாளரிடம் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது கிளட்ச் மாற்றியது என்று டிப்போவில் பதிவு உண்டு. ஓட்டுநர் புகார்ப் புத்தகத்தில் எழுதுவார், மெக்கானிக் படிப்பார். இருவருக்கும் சம்பளம், இருவருக்கும் சங்கம், அந்த வேலைக்கு இட ஒதுக்கீடு. கதை கழற்றப்படாமல் பொருளோடு பயணம் செய்கிறது. கணினி வைத்துச் சரிசெய்யப் பார்க்கிற பிரச்சினையை உடைமை முறையும் நிரந்தர வேலையும் சேர்ந்து பாதி தீர்த்துவிட்டன. டிப்போ வேலைகளை ஒப்பந்தத்துக்கு விடுவதை நாம் எதிர்க்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற ஒப்பந்த ஆளுக்கு அந்த வண்டியின் கதை தெரிய வாய்ப்பில்லை.

இதற்கு நேர் எதிராகத்தான் புதிய விதிகள் போகின்றன. மின்னணுக் கழிவு விதிகள் 2022இல் வந்தன, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதில் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள் நான்கு வகை: தயாரிப்பாளர், பிராண்டு போட்டு விற்கும் உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர். முந்தைய 2016 விதிகளில் பிரிப்பவருக்கும் சேகரிப்பு மையத்துக்கும் ஓரிடம் இருந்தது. பதிவுப் பட்டியலில் இப்போது அதுவும் இல்லை. பழைய வாகனங்களுக்கான விதிகள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதில் கம்பெனிகளின் இலக்கு எஃகின் எடையில் இருக்கிறது. இவ்வளவு டன் எஃகு மீட்டதற்குச் சான்றிதழ் வாங்கினால் கடமை முடிந்தது. நல்ல எஞ்சினை எஞ்சினாகவே காப்பாற்றினாலும் எடைக் கணக்கில் அதற்குத் தனி மதிப்பு இல்லை. உருக்குவது சுலபம், ஏனென்றால் உலைக்கு எஞ்சினின் கதை தேவைப்படாது. கதையை அழித்துவிட்டால் நிச்சயமின்மையும் போய்விடும், கிராங்க் தட்டிப் பார்க்கிறவரின் வேலையும் போய்விடும். இப்படி நடந்தால் அதற்கு முறைப்படுத்துதல் என்று பெயர் வைப்பார்கள்.

முறைப்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. மாயாபுரி மாதிரி இன்னொன்று நடக்கக்கூடாது. பழைய பேட்டரியை வெறுங்கையால் உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுகிற பட்டறைகளை "நம் மக்களின் தொழில்" என்று ரொமான்டிக்காகப் பார்க்க என்னால் முடியாது. அந்த ஈயம் முதலில் போய்ச் சேர்வது அந்தப் பட்டறைக்குப் பின்னால் விளையாடுகிற குழந்தையின் ரத்தத்தில். முறைப்படுத்தும்போது யாரை உள்ளே எடுக்கிறீர்கள், எந்த வேலைக்கு எடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. கிராங்க் தட்டுகிறவரைப் புதுத் தொழிற்சாலையில் தரை கூட்ட எடுத்துவிட்டு, தரம் பார்க்கிற மேசையில் டிப்ளமோ படித்த வேறொருவரை உட்கார வைத்தால், பழைய அடுக்கு அப்படியே சீருடை போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

காசு எப்படி ஓட வேண்டும் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் சங்கடமான உதாரணம். டாஸ்மாக் பாட்டில். நீலகிரியில் காடெங்கும் உடைந்த பாட்டில், யானைக் காலில் குத்துகிறது என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற உத்தரவால் 2022இல் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தருவது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெரிய கம்பெனிகள் பழைய எஞ்சின் திரும்பி வர முன்வைப்புத் தொகை வாங்குவதும் இதே வித்தைதான். எத்தனை திரும்பும் என்ற நிச்சயமின்மையை 10 ரூபாய் பெருமளவு குறைத்துவிடுகிறது. குடித்தவர் எறிந்தாலும் பொறுக்கி வருகிறவருக்கு அந்த 10 ரூபாய் போகிறது, கிலோக் கணக்கில் இல்லை, பாட்டில் கணக்கில். இந்தப் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் திரும்பி வரும் பாட்டிலை எண்ணி, ஸ்டிக்கர் பார்த்து, அடுக்கி வைக்கிற வேலை ஏற்கெனவே குறைந்த ஊதியத்தில் இருக்கும் கடை ஊழியர்கள் தலையில் விழுந்தது. ஆளும் இடமும் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுக்கிறீர்கள் என்று 2025இல் அவர்கள் போராடினார்கள். ஒரு நிச்சயமின்மையைத் தீர்த்தால் அது இன்னொரு ஆளின் வேலை நேரமாக மாறி நிற்கும், அந்த நேரத்துக்கும் சம்பளக் கணக்கு எழுத வேண்டும்.

ஐரோப்பாவில் இப்போது பொருளுக்குக் கடவுச்சீட்டு என்று ஒன்று கொண்டுவருகிறார்கள். 2027 பிப்ரவரி முதல் மின்வாகன பேட்டரிகளுக்குக் கட்டாயம். ஸ்கேன் செய்தால் அதன் வரலாறு தெரியும். கதையைப் பொருளோடு அனுப்புகிற யோசனை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. இங்கேயும் வரும். வரும்போது அதில் யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்று கேளுங்கள். கம்பெனி எழுதி கம்பெனியே படிக்கிற கடவுச்சீட்டு என்றால் பிரிப்பவருக்கு அது இன்னொரு பூட்டிய கதவு. பிரிக்கும் முன் உள்ளே என்ன ஆபத்து இருக்கிறது என்று அவர் தன் மொழியில் படிக்க முடிய வேண்டும். அவர் கண்டதை அவர் பெயரில் எழுதவும் முடிய வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்களில் ஐடிஐ முடித்தவர்கள் இருக்கிறீர்கள். மோட்டார் காயில் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், அல்லது கட்டுகிற கடையில் வேலை செய்கிறீர்கள். எரிந்த மோட்டாரைக் கழற்றும்போதே எதனால் எரிந்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மூன்றில் ஒரு ஃபேஸ் போய் இரண்டில் ஓடியதா, வோல்டேஜ் குறைவா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா, ஈரம் இறங்கியதா என்று காயில் கருகிய விதமே சொல்லும். பழைய காயிலை எடுக்க நெருப்பில் போட்டுச் சூட்டை அதிகமாக்கினால் உள்ளே இருக்கிற தகடுகளின் பூச்சு போய், மோட்டார் அதற்குப் பிறகு அதிகக் கரண்ட் இழுக்கும் என்பதும் பல பேருக்குத் தெரியும். இதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தேதி, மோட்டாரின் கம்பெனி, குதிரைத்திறன், எந்த ஊர், எதனால் எரிந்தது, என்ன சுற்று, என்ன கம்பி. உரிமையாளர் பெயர் வேண்டாம். ஒரு வருடம் எழுதினால் இந்த மலையில் எந்த கம்பெனி மோட்டார் எந்தக் காரணத்தால் சாகிறது என்று உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும். மின்வாரியத்திடம் வோல்டேஜ் கேட்டு மனுக் கொடுக்க அது உதவும். மறு உற்பத்தி செய்ய நினைக்கிற எந்தக் கம்பெனிக்கும் அந்தக் கணக்கு தேவைப்படும், என் மாதிரி ஆராய்ச்சி மாணவனுக்கும் தேவைப்படும்.

நான் கேட்டு வந்தால் சும்மா கொடுத்துவிடாதீர்கள். கட்டுரையில் யார் பெயர் வரும், என்ன தருவாய் என்று கேளுங்கள். இன்றைக்கு வந்திருப்பவர்களில் யாரெல்லாம் இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று கை தூக்கினால், நோட்டில் என்னென்ன பத்தி போடலாம் என்று இப்போதே உட்கார்ந்து பேசலாம்.